பேசாலை நாய்க்கு நான் பார்த்த வைத்தியம்

மூன்று வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் செல்லப் பிராணிகளின் உடல்நலம் பற்றி ஆலோசனை எழுதி வருகிறேன். அந்த மூன்று வருடத்திலும் அதற்கு முந்திய நாற்பத்தெட்டு வருடத்திலும் நான் ஒரு பிராணியைக்கூட வளர்த்ததில்லை. இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாய் என்றால் எனக்குப் பயம் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன். மன்னார்ப் பட்டினத்துத் தெருக்களில் என்னைக் கண்டவர்களுக்கு இது புதினமில்லை. தூரத்தில் ஒரு நாய் கொட்டாவி விட்டாலே சைக்கிளை விட்டு இறங்கி, அதை நாய்க்கும் எனக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு போகிற ஆள் நான். அந்த ஆள்தான் கிழமைக்குக் கிழமை ‘உங்கள் நாயின் கண்களை உற்றுப் பாருங்கள், அவை பேசும்’ என்று எழுதிக்கொண்டிருந்தான்.

தொடங்கியது இப்படி. ஒரு கிழமை பத்திரிகையில் மரண அறிவித்தல்கள் குறைந்துபோய், பக்கத்தின் அடியில் கையகல இடம் மிஞ்சிவிட்டது. முந்தி நான் அங்கே சில பகிடிக் கட்டுரைகள் எழுதியிருந்தபடியால் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுந்தானே, நாய் பூனை வளர்க்கிறதைப் பற்றி எதையாவது பார்த்து எழுதித் தாங்கோ” என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமை சாவுகள் வழமைக்குத் திரும்பிவிட்டன. என் பத்தி மட்டும் போகாமல் நின்றுகொண்டது.

நான் பார்த்து எழுதிய நிபுணர்கள் எல்லாரும் பனி கொட்டுகிற நாடுகளில் இருந்தார்கள். குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பு நாயின் பாதங்களைப் புண்ணாக்கும், ஆகவே வெளியே போய்வந்ததும் இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார். குளிர்காலத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே தமிழில் போட்டேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர், ‘எங்கள் பிரச்சினையை இவ்வளவு நுணுக்கமாக விளங்கிக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான்’ என்று கடிதம் போட்டார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கே என்னில் ஒரு மரியாதை வந்துவிட்டது. கடைசி வரியில் மட்டும் எப்போதும் கவனமாக இருப்பேன்: ‘சந்தேகமிருந்தால் அருகிலுள்ள மிருக வைத்தியரை நாடவும்.’

எங்கள் வீட்டுக்குப் பதினைந்து வருடமாகக் கருவாடு கொண்டுவருகிற அக்கா ஒருவர் பேசாலையில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். புருசன் இல்லை, ஒரே மகள் கொழும்பில். கரையில் மீன் வாங்கி, தன் வீட்டு வளவிலேயே உப்புப் போட்டுக் காயவைத்து, மாதத்தில் இரண்டு தரம் பஸ்ஸில் பட்டினத்துக்கு வந்து வாடிக்கை வீடுகளுக்குக் கொடுப்பார். போன வருடம் ஒருநாள் பையை இறக்கிவைத்தவர், வழக்கம்போல என் மனைவியைத் தேடாமல் என்னைத் தேடினார்.

“தம்பி, பேப்பரில நாய்க்கு வைத்தியம் எழுதிறது நீங்கள்தானாமே?”

“ஓம் அக்கா, சும்மா ஏதோ” என்றேன், சும்மா இல்லை என்று விளங்கும்படியான ஒரு குரலில்.

“என்ர பித்தப்பையில கல்லாம். கொழும்பில வெட்டோணுமாம். மகள் திகதியும் எடுத்துப்போட்டு நிக்கிறாள். மூண்டு கிழமை, கூடினா நாலு. வெட்டுறதுக்கு எனக்குப் பயமில்லை தம்பி. அவனை ஆரிட்ட விட்டிட்டுப் போறது?”

அவன் என்றது நாயை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஏழு வருடமாக அந்த வளவில் அவருக்குத் துணை அவன் ஒருவன்தான். இதற்கு முன்னும் இரண்டு தரம் திகதி எடுத்து, இரண்டு தரமும் நாயை விட்டுப்போக ஆளில்லாமல் தள்ளிப்போட்டிருக்கிறார். இனியும் தள்ளினால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் மகளிடம் சொல்லிவிட்டாராம்.

“அயலில விட்டா ஒரு பிடி சோறு போடுவினம்தான். ஆனா அவை இதுகளைப் படிச்சவையே? நீங்கள் எண்டா நான் நிம்மதியாப் போவன்.”

மனைவி கதவு நிலையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கோ என்ற பார்வை. எனக்கும் சொல்லத்தான் வாய் வந்தது. வந்த வாய், “கொண்டுவாங்கோ அக்கா, நான் பார்க்கிறன்” என்றது.

திங்கட்கிழமை விடியற்காலையே ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மண் நிறம், ஒரு காது பாதி கிழிந்தது, நெஞ்சு அகன்ற ஊர் நாய். என்னை ஒருமுறை மூக்கால் மணந்து பார்த்துவிட்டு, மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா அதன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுப்பன். அவன் சாப்பிடாட்டி மறைக்காமச் சொல்லிப்போடுங்கோ. நான் அடுத்த பஸ்ஸில வந்திருவன். கல்லு இருந்தா இருந்திட்டுப் போகட்டும்.”

நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். என் பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் அலுமாரியிலிருந்து எடுத்து ஒழுங்காக அடுக்கியிருந்தேன். அதன்படி மென்மையான சவர்க்காரத்தால் குளிப்பாட்ட வேண்டும். மனைவி குளிப்பாட்டினாள், நான் குழாயைத் திறந்து பூட்டினேன். உப்பில்லாமல் அவித்த கோழி, பூசணிக்காய், சோறு. எலும்பு கூடாது, வெங்காயம் கூடாது, மீன் முள் கூடவே கூடாது. சமைத்து எவர்சில்வர் கோப்பையில் போட்டு, கூட்டுகிற தும்புத்தடியின் அடியால் நாய் இருந்த பக்கம் தள்ளிவிட்டேன். நாய் கோப்பையைப் பார்த்தது. தும்புத்தடியைப் பார்த்தது. பிறகு முற்றத்தைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

பின்னேரமும் கோப்பை அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. தண்ணீர் மட்டும் குடித்தது. புது இடத்தில் முதல் இரண்டு நாள் பசி குறையும் என்று நானே எழுதியிருந்தபடியால் நானே என்னை நம்பினேன்.

ஐந்து மணிக்குப் போன் வரும்.

“தம்பி, அவன் சாப்பிட்டானோ?”

“ஓம் அக்கா. வழிச்சுத் துடைச்சிட்டான்.”

“கெட்டிக்காரன். எனக்கு ரத்தத்தில சீனி கூடவாம், குறைச்சுப்போட்டுத்தான் வெட்டுவினமாம். வாற செவ்வாய் எண்டு சொல்லுகினம்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கோழியும் பூசணியும் காய்ந்துபோய்க் கிடக்கும். அதைத் தாண்டி நாய் கிடக்கும். மூன்றாம் நாள் பந்து ஒன்று வாங்கிவந்து உருட்டினேன். விளையாட்டு பசியைத் தூண்டும் என்பது என்னுடைய பதினோராவது கட்டுரை. பந்து அதன் முன்னங்காலில் முட்டி நின்றது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனவனைப் பார்ப்பதுபோல நாய் என்னைப் பார்த்தது. பந்தை நான்தான் போய் எடுத்தேன். கிட்டப் போன என்னை அது ஒன்றும் செய்யவில்லை என்பதையும் எழுத வேண்டும். அந்த மூன்று நாளில் என் பயம் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கிய ஒரு நாய்க்கு எவ்வளவு நாளைக்குப் பயப்படுவது?

“எசமானியைத் தேடுது. பிரிவுத் துயரம்” என்றேன் மனைவியிடம். அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

“தேடுறது எண்டா வாசல் கேற்றை எல்லோ பார்க்கோணும்” என்றாள் அவள். “இவன் கேற்றைப் பார்க்கேல்ல. நடு முத்தத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். முத்தத்தில என்ன இருக்கு?”

முற்றத்தில் ஒன்றும் இல்லை. மணல்தான். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். இல்லாத ஒன்றைத் தேடுவது அவளுக்குப் பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை, வாசகர்களுக்குக் கிழமைக்குக் கிழமை சொல்லிவந்த கடைசி வரியை நானும் பின்பற்றினேன். மிருக வைத்தியர் வவுனியாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் பெண். மாடுகளும் ஆடுகளும் வரிசையில் நின்றன. ஓட்டோவில் வந்த நாய் நாங்கள் மட்டும்தான். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

“பேப்பரில எழுதிறது நீங்களோ? ‘அருகிலுள்ள மிருக வைத்தியரை நாடவும்’ எண்டு?”

“ஓம் டொக்டர்.”

“அருகில இருக்கிறது நான் ஒராள்தான் சேர். போன மாதம் ஒருத்தர் கோழிக்கு மன அழுத்தம் எண்டு கொண்டுவந்தவர். உங்கட கட்டுரையையும் வெட்டிக் கொண்டுவந்தவர்.”

நான் கூரையைப் பார்த்தேன். அவர் நாயின் வாயைத் திறந்து பல் பார்த்தார், வயிற்றை அமத்தினார், காய்ச்சல் பார்த்தார், பல்முரசின் நிறத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் அவருடைய கைவிரல்களில் இருந்தன.

“வருத்தம் ஒண்டும் இல்லை. நல்ல உடம்பு. அங்க இவருக்கு என்ன வேலை?”

“வேலையோ? நாய்தானே டொக்டர்.”

“இந்தக் கரையில சும்மா இருக்கிற நாயை நான் இன்னும் காணேல்ல. ஒண்டு வளவு காக்கும், ஒண்டு ஆட்டுக்குப் பின்னால போகும். என்ன செய்யிறவன், எப்ப சாப்பிடுறவன், ஆர் குடுக்கிறது? இதுகளை விசாரிச்சியளோ?”

இனம், வயது, எடை, தடுப்பூசி. இந்த நான்கையும் கேட்டறிய வேண்டும் என்று எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அவர் கேட்ட மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. பதினைந்து வருடமாக அந்தக் கருவாட்டைச் சாப்பிடுகிறேன். அது எப்படிக் காய்கிறது, யார் காக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

“தண்ணி குடிக்கிறபடியா நிக்கிறான்” என்று ஒரு விற்றமின் ஊசியைப் போட்டுவிட்டார். “சனிக்கிழமையும் சாப்பிடாட்டிக் கொண்டுவாங்கோ, சேலைன் ஏத்துவம். அதுக்கிடையில சொந்தக்காரரிட்டக் கேளுங்கோ.”

சொந்தக்காரரிடம் கேட்டால் போதும் என்பது எனக்கும் தெரியும். கேட்டால் அவன் சாப்பிடவில்லை என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அவர் சொன்னபடி அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். செவ்வாய்க்கிழமை வெட்டுவதற்கு ஆள் இருக்காது. கேட்காவிட்டால் நாய் இருக்காது. அன்று பின்னேரம் போனில், “இண்டைக்குக் கொஞ்சம் கூடவே சாப்பிட்டான் அக்கா” என்றேன். பொய்யில் ஏன் அந்தக் கொஞ்சத்தைக் கூட்டினேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கிற கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பேசாலைக்குப் பஸ் ஏறினேன். அக்காவின் வளவு பூட்டிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பூவரச நிழலில் ஒருவர் கிழிந்த வலை ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். நாய் சாப்பிடுகிறதில்லை என்று சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “சாப்பிடான்” என்றார்.

“ஏன்?”

“மீன் அள்ளேல்லையே ஐயா.”

விளங்காமல் நின்றேன். அவர் ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு, படிப்பில்லாதவனுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“காலமை அக்கா முத்தத்தில பாயை விரிச்சு மீனைப் பரப்புவா. அதோட அவன்ர வேலை துவங்கும். காகம், பூனை, கழுதை ஒண்டும் கிட்டப் போகேலாது. தானும் வாய் வையான். நாலு மணிக்கு அக்கா மீனை அள்ளி, பாயைச் சுருட்டி வைச்சுப்போட்டு அவனுக்குச் சோறு போடுவா. அப்பதான் தின்னுவான். குட்டியில இருந்து அப்பிடிப் பழக்கினது. மீன் வெளியில கிடக்கேக்க சோத்தில வாய் வைக்கிற நாய், நாளைக்கு மீனிலயும் வைக்கும் எல்லோ?”

“எங்கட வீட்டில மீனே பரப்பிறதில்லை.”

“அதுதான் சொல்லுறன். நீங்கள் பரப்பவும் இல்லை, அள்ளவும் இல்லை. அவனுக்கு இன்னும் திங்கக்கிழமையே முடியேல்லை.”

ஐந்து நாளாக அந்த நாய் வெறும் மணலைக் காவல் காத்துக்கொண்டு, வேலை தொடங்குமா முடியுமா என்று தெரியாமல், நான் அவித்த பூசணிக்காயை நாகரிகமாக மறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. பசியின்மைக்கு நான் எழுதிய காரணங்கள் பல்வலி, குடற்புழு, ஈரல், காய்ச்சல், பிரிவு. கடமையுணர்ச்சியை எந்த நிபுணரும் சொல்லவில்லை. அரசாங்கக் கந்தோரில் இருபத்தைந்து வருடம் இருந்தவனுக்கு அது தானாகத் தோன்றவும் இல்லை.

அவரிடமே பழைய பனையோலைப் பாய் ஒன்றை வாங்கினேன். கரையில் பத்துக் கிலோ சூடை மீன் எடுத்தும் தந்தார். “மூண்டு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. கையைக் குறைச்சுப்போடாதேங்கோ” என்றார். பஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலியாகவே வந்தது.

கையைக் குறைத்தேன். உப்பு நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று இரண்டு தரம் எழுதியவன், ஒரு கிண்ணம் போடவேண்டிய இடத்தில் அரைக் கிண்ணம் போட்டேன். வாயே வைக்காமல் காவல் மட்டும் இருக்கப்போகிற நாயின் நன்மைக்காக மீனில் உப்பைக் குறைத்த வைத்தியன் இந்தத் தீவில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

சனிக்கிழமை காலை நடு முற்றத்தில் பாயை விரித்தேன். பாய் மணலில் பட்ட சத்தத்துக்கே நாயின் நல்ல காது எழும்பியது. மீனைப் பரப்பத் தொடங்கியதும் அது எழுந்து நின்றது. கால் கொஞ்சம் நடுங்கியது. உடம்பை ஒருமுறை உதறி, பாயைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து, நான் கோணலாகப் பரப்பியிருந்த மூலையில் சற்று நின்று பார்த்தது. பிறகு காற்றுப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் காகம் மதிலில் வந்து இறங்கியபோது, அந்த ஐந்து நாளும் கேட்காத குரலில் ஒரே ஒரு தரம் குரைத்தது. காகம் போய்விட்டது. நானும் இரண்டடி பின்னுக்குப் போய்விட்டேன். பழைய பயம் முழுக்கப் போகவில்லை.

அன்று முழுவதும் நானும் மனைவியும் மாறி மாறி யன்னலுக்குள்ளால் பார்த்தோம். நாலு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே நான் ஓலைக் கடகத்தோடு நின்றேன். மீனை அள்ளினேன், பாதி கையில் ஒட்டியது, பாதி மணலில் விழுந்தது. பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினேன். மனைவி மத்தியானத்துச் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக் கோப்பையை வைத்தாள். அவித்த கோழி வேண்டாம் என்று அவளே முடிவெடுத்திருந்தாள்.

நாய் பாயைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கோப்பையில் தலையை விட்டது.

“கொஞ்சமாக் குடுக்கோணும். கனநாள் சாப்பிடாத நாய்க்கு ஒரேயடியாக் குடுக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கிறன்” என்றேன்.

“சரி, அதையாவது கேப்பம்” என்று அவள் மிச்சச் சோற்றை உள்ளே கொண்டுபோனாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போனாள்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

“சாப்பிட்டானோ தம்பி?”

“சாப்பிட்டான் அக்கா.”

“என்ன, இண்டைக்குக் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? அவனுக்கு என்ன? என்னட்ட மறைக்கிறியள்” என்றார்.

ஐந்து நாள் சொன்ன பொய்யை அப்படியே நம்பியவர், முதல் உண்மையைச் சந்தேகித்தார். சத்தியம் பண்ணினேன், நம்பவில்லை. கடைசியில் போனைக் கொண்டுபோய் நாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். அது வெறுங்கோப்பையை நக்கி நக்கிச் சீமெந்துத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போனது. போனுக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்புக் கேட்டது. “கோப்பையை இழுக்கிறான். அவன்தான், அவன்தான். வையுங்கோ தம்பி, நான் போய்ச் செபமாலை சொல்லப்போறன்.”

செவ்வாய்க்கிழமை சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று மகள் அறிவித்தாள். அதே செவ்வாய்க்கிழமைதான் என் அரைக் கிண்ண உப்பு தன் வேலையைக் காட்டியது. மீன் காயவில்லை; வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. அந்த மணம் எங்கள் மதிலோடு நிற்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தாராபுரத்து வியாபாரி ஒருவரின் வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேற்றடியில் வந்து நின்றார்.

“தம்பி, ஒண்டு கேப்பன், கோவிக்கப்படாது. பூனைக்கு மீன் மட்டும் குடுத்தா உடம்புக்குக் கூடாது எண்டு எழுதினது நீங்கதானே?”

“ஓம் நானா.”

“அதை வாசிச்சு, என்ர வீட்டுப் பூனைக்கு ஆறு மாசமா மீனை நிப்பாட்டி வெச்சிருக்கேன். அது என்னோட கதைக்கிறதையே விட்டிட்டுது. இப்ப நீங்க முத்தம் முழுக்க மீனைப் பரப்பி வெச்சா அது என்ன நினைக்கும்? மதில்ல ஏறி உங்கட மீனைப் பார்க்குது, பொறகு திரும்பி என்ர முகத்தைப் பார்க்குது.”

மதிலில் பூனை இருந்தது. கீழே நாய் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சரியாக ஒரு பாய் தூரம்.

நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப இது மருந்து எண்டு சொல்லுங்க” என்றார். “சரி, நோயாளிக்காகப் பொறுப்பம். ஆனா அல்லாஹ்வுக்காக உப்பைப் போடுங்க தம்பி. ஒழுங்கை முனையில உள்ளவங்க சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுறதுக்குக் கதைக்கிறாங்க. நான் ஏதோ சொல்லி நிப்பாட்டி வெச்சிருக்கேன்.”

கெட்டதைப் புதைத்துவிட்டுப் புது மீன் எடுத்து, சொன்ன கணக்குக்கு உப்புப் போட்டேன். பிறகு வந்த கிழமைகளில் என் வாழ்க்கை மீனைச் சுற்றியே ஓடியது. கந்தோர் விடுவது நாலேகாலுக்கு, மீன் அள்ளுவது நாலு மணிக்கு. மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: “பேப்பரில வாறது உங்கட பேர். மீனையும் நீங்களே அள்ளுங்கோ.” ஒவ்வொரு நாளும் குறுகிய லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘வீட்டில் நோயாளி’ என்று எழுதினேன். மேலதிகாரி ஒருநாள் எழுந்து வந்து, “ஆருக்கு? அம்மாவுக்கோ?” என்று கனிவாகக் கேட்டார். “பெரிசா ஒண்டும் இல்லை சேர், இப்ப சாப்பிடுறார்” என்று சொல்லித் தப்பினேன். அந்தக் கிழமை பசியின்மை பற்றிய கட்டுரையில், காரணங்களின் கடைசியில் ‘வேலை முடியாமை’ என்று ஒன்றைச் சேர்த்து அனுப்பினேன். ஆசிரியர் அச்சுப்பிழை என்று நினைத்து வெட்டிவிட்டார்.

நாய் தேறியது. விலா மறைந்தது. நாலு மணிக்கு நான் கேற்றைத் திறக்கும்போது எழுந்து நின்று, தாமதமாக வருகிற கங்காணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கும். பாயைச் சுருட்டியதும் வந்து என் முழங்காலில் தலையை ஒருமுறை முட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளிக்கிடுகிற மாதிரி. அதற்காகவே நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன் என்று சொன்னால் நம்பப் பலர் இல்லை.

அக்கா நாலாம் கிழமை ஒரு சனிக்கிழமை, பதினொரு மணிபோல மகளோடு வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். கேற்றைத் தாண்டியதும் நாய் கண்டுவிட்டது. வால் மட்டுமல்ல, பின்பாதி முழுவதும் ஆடியது, தொண்டைக்குள் அழுதது. ஆனால் பாயை விட்டு ஓர் அடி நகரவில்லை. மதிலில் காகம் இரண்டு இருந்தன.

“பார்த்தியே, பார்த்தியே” என்றார் அக்கா மகளிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மீன் கிடக்கெண்டு வராமல் நிக்கிறான்.”

அவரே போய்ப் பாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டார். அவர் கை அதன் கழுத்தில், அதன் கண் காகத்தில். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை. நாலு மணிக்கு மகள் அள்ள, அவர் பாயைச் சுருட்டச் சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் நாய் முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவர் மடியில் போட்டது.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நாள் பட்டினி, பொய், வலைக்காரர், அரைக் கிண்ண உப்பு, நானாவின் பூனை, லீவுப் படிவம், எதையும் விடவில்லை. அவர் சிரித்தால் தையல் நோகும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா நான் வெளிக்கிட்டு வந்திருப்பன்தான் தம்பி” என்றார் கடைசியில். “பொய் சொன்னது நல்லதாப் போச்சு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் கடகத்திலிருந்து என்னுடைய கருவாடு ஒன்றை எடுத்து, மணந்து, மறுபடியும் கடகத்திலேயே வைத்தார்.

“ஆனா இவ்வளவு மீன் என்னத்துக்கு? ஞாயித்துக்கிழமையில எங்கட ஊரில கடலுக்கு ஆர் போறது? நான் வெறும் பாயை விரிச்சுப்போட்டுப் பூசைக்குப் போவன். நாலு மணிக்குச் சுருட்டி வைப்பன். அவன் நல்லாச் சாப்பிடுவான்.”